அத்தான் எழுதாத வரி

என் அக்காவின் கணவர் குடிநீர் வாரியத்தில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தார். மண்ணுக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று மெல்லிய தாளில் கோடு போடும் வேலை. கை நடுங்காது. பேச்சும் அதிகம் கிடையாது. அப்படிப்பட்டவருக்கு நாடகம் எழுதும் ஆசை எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அக்கா மட்டும், "வீட்டுல நான் பேசி முடிக்கிறதுக்குள்ள அவருக்குத் தூக்கம் வந்துடும். பாக்கியை பேப்பர்ல பேசிக்கிறார்" என்பாள்.

வாரியத்தின் ஆண்டு விழாவுக்காக அவர் எழுதியதுதான் 'மேல் வீடு'. சின்னக் கதை. மாடியில் வீட்டுக்காரர், கீழே குடித்தனக்காரர். மாடிக்காரர் தினமும் கீழ் வீட்டுக்குப் போகும் தண்ணீரை வால்வைத் திருகி நிறுத்திவிட்டு, "உங்க நல்லதுக்குத்தான்" என்பார். அத்தான் அப்போது குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அச்சு அசல் அப்படித்தான். அங்கே விருந்தாளியாகப் போய், தலையில் சோப்பு நுரையோடு நான் குளியலறையில் நின்ற நாள் உண்டு.

வீட்டுக்காரராக நடித்தவர் வாரியத்தின் ஸ்டோர் கீப்பர். நாடகக் குழுவின் பெட்டியில் இருந்தது ஒரே ஒரு ஒட்டுமீசை. அடர்த்தியாக, இரண்டு பக்கமும் கீழே வளைந்த மீசை. அவர் அதை ஒட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் நாட்டை ஆண்டவருக்கும் அதே மாதிரி மீசை. அவர் பெயரை யாரும் சொல்வதில்லை, 'பெரியவர்' என்றுதான் சொல்வோம். அவருடைய படம் எல்லா அலுவலகங்களிலும் இருந்தது. அந்த மேடையின் பின்சுவரிலும் இருந்தது. தினமும் பார்க்கிற படம் என்பதாலோ என்னவோ, அதை யாரும் யோசிக்கவில்லை.

விழா அன்று முன் வரிசையில் மாவட்ட அதிகாரி உட்கார்ந்திருந்தார். மீசை ஒட்டிய வீட்டுக்காரர் வால்வைத் திருகிவிட்டு முதல் தடவை "உங்க நல்லதுக்குத்தான்" என்றதும் கூட்டம் சிரித்தது. அதிகாரியும் வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கத்தில் இருந்த ஒருவர் அவர் காதில் ஏதோ சொன்னார். அதிகாரியின் சிரிப்பு நின்றது. அதைப் பார்த்து இரண்டாம் வரிசையின் சிரிப்பு நின்றது. பிறகு மூன்றாம் வரிசை. நான் கடைசியில் நின்றிருந்தேன். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதுபோல் அந்த மௌனம் என்னை நோக்கி வந்தது. பின்னால் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டார்கள். மேடையில் இருந்தவர்கள் பாவம், மிச்ச நாடகத்தை இருமல்கூடக் கேட்காத கூடத்தில் நடித்து முடித்தார்கள்.

மறுநாள் அத்தானை அலுவலகத்திலிருந்தே கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்டோர் கீப்பரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். "குடுத்ததை ஒட்டிக்கிட்டேன் சார்" என்று அவர் சொன்னதை நம்பி விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு 'மீசை' என்று பெயர். அத்தானை மட்டும் விடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் உள்ளே வைத்திருந்தார்கள். "யாரை மனசுல வெச்சு எழுதினே?" என்பதுதான் கேள்வி. "எங்க வீட்டுக்காரரை" என்பதுதான் அவருடைய பதில். உண்மையைத் தவிர வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சீக்கிரம் விட்டிருப்பார்களோ என்னவோ.

திரும்பி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். இடது காது சரியாகக் கேட்கவில்லை. கைக்குழந்தையாக விட்டுப்போய், இப்போது நடக்கப் பழகியிருந்த மகள் அவரைப் பார்த்து அக்காவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அங்கே என்ன நடந்தது என்று அவர் அக்காவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. நாடகத்தின் பிரதிகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். வரைபடப் பிரிவிலிருந்து எடுத்து, வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கும் வேலையில் போட்டார்கள். அவர் எழுதுவதை விட்டுவிட்டார்.

ஆனால் நாடகம் அவரை விடவில்லை. ஒரே தடவை நடந்த, யாரும் சரியாகப் பார்க்காத நாடகம் அது. பார்க்காததாலேயே வளர்ந்தது. ஒரு வீட்டில் அவர் குனிந்து மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அம்மா கதவைச் சாத்திவிட்டு மெல்லச் சொன்னாளாம்: "பூட்டு உங்களோடது, வாய் எங்களோடது."

அத்தானுக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"உங்க நாடகத்துல வர்ற வரிதானே? எங்க வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம்."

"அது என் நாடகத்துல இல்லையேம்மா."

அவள் சிரித்துக்கொண்டு, "எனக்குத் தெரியும், நீங்க அப்படித்தான் சொல்லணும்" என்று ஒரு டம்ளர் டீ கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்த வரி. கழிவறைச் சுவர்களில், பஸ் சீட்டின் முதுகில், நான் நடத்தும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரில் இருந்த டிரான்ஸ்பார்மர் பெட்டியில். யாரோ எப்போதோ சொன்னது, அத்தான் பெயரில் போய் உட்கார்ந்துகொண்டது. இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, அது அவருடையதுதான் என்று ஊருக்கு உறுதியானது.

பிறகு பெரியவர் போனார். எப்படிப் போனார் என்பது வேறு கதை. சுவர்களில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. முதல் தேர்தல் வந்தது. வாழ்நாளில் வாயே திறக்காதவர்கள் எல்லாம் பேச ஆரம்பித்தார்கள். முடிவெட்டிக்கொள்ளப் போனவர் பாதித் தலையோடு எழுந்து நின்று வாதாடினார். என் கடையில் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னால், எந்த எழுத்து முதலில் வரவேண்டும் என்று தகராறு. புதிதாக ஏழெட்டுப் பத்திரிகைகள் வந்தன. பழைய சரக்குக் கிடங்கு ஒன்றைத் தியேட்டராக்கினார்கள். அங்கே நாடகம் முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. கூட்டத்துக்குள் மைக்கை அனுப்புவார்கள், பார்த்தவர்கள் பேசுவார்கள். சில நாள் நாடகத்தைவிடப் பேச்சு நீளமாக இருக்கும்.

அந்தத் தியேட்டரின் டைரக்டர் ஒரு நடுவயதுப் பெண்மணி. அத்தானைத் தேடி வீட்டுக்கே வந்தார். 'மேல் வீடு' போடவேண்டும் என்றார்.

"பிரதி இல்லைங்க" என்றார் அத்தான், தப்பித்தோம் என்ற குரலில்.

"எனக்கு முழுசா ஞாபகம் இருக்கு" என்றாள் அக்கா. "அந்தக் காலத்துல ராத்திரி பகலா என் காதுல படிச்சுப் படிச்சு உயிரை எடுத்தவர் இவர்தானே."

அப்படித்தான் சாப்பாட்டு மேஜையில் நாடகம் மறுபடி எழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா சொல்ல, அத்தான் எழுதினார். வீட்டுக்காரர் பேசும் இடங்களை மீசை வந்து நிரப்பினார். அவருக்கு இப்போது தலையில் ஒரு முடி இல்லை, வசனம் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டாம் பாதி வந்தபோது அக்கா அடிக்கடி நிறுத்தினாள்.

"இங்க குடித்தனக்காரர் ரெண்டு பக்கம் பேசுவார். எல்லாத்தையும் சொல்லணுமா?"

"சொல்லேன்."

"அப்பவே நீளம்னு சொன்னேன்."

"அப்ப நீ சொன்னே, நான் கேக்கல. இப்ப இருந்தது இருந்தபடி வரட்டும்."

டைரக்டர் படித்துப் பார்த்தார். தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். "அந்த வரி எங்கே?"

"இல்லைங்க."

"மறந்து போயிருப்பீங்க. இத்தனை வருஷம் ஆச்சே."

"மறக்கலைங்க. எழுதவே இல்ல."

டைரக்டர் எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்தார். மீசை, இல்லை என்று தலையை ஆட்டினார். அக்காவும் ஆட்டினாள். பிறகு டைரக்டர் மெதுவாக, "கடைசிக் காட்சியில சேர்த்துடலாமே" என்றார். "ஜனங்க அதைக் கேக்கத்தான் வருவாங்க."

"சேர்த்துடுங்க" என்றாள் அக்கா. "உள்ளதைச் சொல்லணும்னா, மொத்த நாடகத்துல அது ஒண்ணுதான் எடுப்பா இருக்கும்."

அத்தான் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். கோபம் வந்தால் அவர் சத்தம் போட மாட்டார், இடம் மாறி நிற்பார். "எதை எழுதினதுக்காக என்னை உள்ள போட்டாங்களோ, அதை ஜனங்க பார்க்கட்டும்" என்றார். "நல்லதோ கெட்டதோ, அதுதான். வேற எதையாவது சேர்த்தா, நான் எதுக்கு உள்ள இருந்தேன்னு எனக்கே தெரியாம போயிடும்."

அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை.

இதற்கிடையில் புதிதாக முளைத்த கட்சி ஒன்றின் வட்டச் செயலாளர் வர ஆரம்பித்தார். நகராட்சித் தேர்தல் நெருங்கியிருந்தது. அத்தானை வேட்பாளராக நிறுத்தவேண்டும் என்று அவருக்கு ஆசை. "நீங்க பேசவே வேண்டாம் ஐயா. மேடையில உட்கார்ந்தா போதும். பேசறதுக்கு ஆள் இருக்கு" என்றார். போஸ்டரில் அந்த வரியைப் பெரிதாகப் போட்டு, கீழே அத்தான் படத்தையும் போட்டு மாதிரி கொண்டுவந்து காட்டினார். எதிர்க்கட்சியும் அதே வரியைத்தான் போஸ்டரில் போட்டிருந்தது. படம்தான் வேறு.

அத்தானுக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. முடியும் என்றும் சொல்லவில்லை. செயலாளர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அந்த நாட்களில் அத்தான் சரியாகச் சாப்பிடவில்லை. என் கடைக்கு வந்து, வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் கேட்டார்: "ஏண்டா, ஒருத்தனை ஊரே தப்பா நினைச்சுக்கிட்டு நல்லவன்னு சொன்னா, அவன் என்ன பண்ணணும்?"

"அனுபவிக்கணும் அத்தான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

நாடகத்தன்று தியேட்டர் நிரம்பி, நடைபாதையிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். அத்தானை முன் வரிசையில் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் அக்கா, மறு பக்கம் செயலாளர். கேட்கும் காது செயலாளர் பக்கம் இருந்ததில் அத்தானுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

முதல் பாதி தேறியது. வீட்டுக்காரராக நடித்த இளைஞன் கெட்டிக்காரன். "உங்க நல்லதுக்குத்தான்" என்றபோது சிரிப்பு வந்தது, நிற்காமல் கடைசி வரிசை வரைக்கும் போனது. இரண்டாம் பாதியில் குடித்தனக்காரர் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார். நீதியைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, மனிதன் நிமிர்ந்து நிற்பதைப் பற்றி. அவர் மூச்சு வாங்கி நிறுத்தும் இடங்களில் எல்லாம் கூட்டம் முன்னால் சாய்ந்தது, இதோ அந்த வரி வரப்போகிறது என்று. கைதட்டுவதற்குக் கையைத் தயாராக வைத்திருந்தார்கள். அவர் வேறு ஏதோ சொல்லித் தொடர்ந்தார். கைகள் மடிக்குத் திரும்பின. என் பக்கத்தில் ஒருவர் தூங்கியே போனார். திரை விழுந்தபோது எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். சவ ஊர்வலம் போகும்போது எழுந்து நிற்பது போன்ற மரியாதை அது. அக்கா என் பக்கம் திரும்பி, புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

மைக் கிளம்பியது. ஒரு பேராசிரியர் எழுந்து, வால்வு என்பது இறையாண்மையின் குறியீடு என்று விளக்கினார். செயலாளர் மைக்கை வாங்கி, இப்படிப்பட்ட தியாகியை நம் வார்டு பெற்றது நம் பாக்கியம் என்றார். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாக ஒரு நர்ஸ் எழுந்தாள். ஆஸ்பத்திரி உடுப்புக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"நான் டியூட்டிக்குப் போகணும், சுருக்கமா சொல்லிடறேன். எனக்கு போரடிச்சுது. முதல் பாதி நல்லா இருந்துச்சு. ரெண்டாம் பாதியில அந்தக் குடித்தனக்காரர் மாதிரி யாரும் வீட்டுல பேச மாட்டாங்க. பேசினா பொண்டாட்டி எழுந்து போயிடுவா. அவர் பொண்டாட்டியா வர்ற அந்த அம்மா என்னடான்னா, பக்கத்துல குடத்தோட நின்னுக்கிட்டே இருக்காங்க. தண்ணி இல்லைன்னா முதல்ல கஷ்டப்படறது அவங்கதான். அவங்களுக்கு ஒரு வார்த்தை இல்ல. அந்த வீட்டுக்காரர்தான் மனுஷன் மாதிரி இருந்தார். அப்புறம், அந்த வரி ஏன் வரல?"

கூடம் கப்சிப் என்றாகிவிட்டது. செயலாளர் எழுந்தார். "உட்காரும்மா. இவர் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியுங்க. இவருக்காக எங்கம்மா அழுதிருக்காங்க. அதுக்கும் ரெண்டாம் பாதிக்கும் என்ன சம்பந்தம்?"

எனக்கு அந்தப் பழைய விழா ஞாபகத்துக்கு வந்தது. எல்லாக் கண்களும் அத்தான் மேல். அவர் எழுந்தார். மைக் அவர் கைக்கு வந்தது. அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அந்தம்மா சொல்றது சரிதாங்க" என்றார். "என் மனைவியும் இதையேதான் சொன்னாங்க. பல வருஷமா சொல்றாங்க."

அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிரிப்பு.

"அந்த வரி நான் எழுதினது இல்லைங்க. எத்தனையோ பேர்கிட்ட சொன்னேன், யாரும் நம்பல. நான் பெரியவரைப் பத்தி எழுதல. அவ்வளவு தைரியம் எனக்குக் கிடையாது. நான் எங்க வீட்டு ஓனரைப் பத்தித்தான் எழுதினேன். அவர் தண்ணி விடமாட்டார்."

இந்தத் தடவை சிரிப்பு கூடம் முழுக்க வெடித்தது. பேராசிரியரும் சிரித்தார். அத்தான் ஆச்சரியமாகச் சுற்றிலும் பார்த்தார்.

அப்போது சுவரோரம் நின்றிருந்த ஒரு வயதானவர் கையைத் தூக்கினார். பெயர்ப்பலகை எழுதும் பெயின்டர், ஊரில் பலருக்குத் தெரிந்தவர். மைக் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை.

"நான் அந்த வரியை ரயில்வே சுவத்துல எழுதினேன் சார். ஆளுயரத்துக்கு. அதுக்காக மூணு வருஷம் உள்ள இருந்தேன். நீங்க எழுதினதுன்னு நினைச்சுத்தான் எழுதினேன். இப்ப இல்லைங்கறீங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. அத்தான் அவரைப் பார்த்தார்.

"உள்ள உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

"யார் சொல்லி எழுதினேன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"நானாத்தான் எழுதினேன்னு சொன்னேன். உங்க பேரைச் சொல்லல."

அத்தான் நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டிச் சுவரோரம் போனார். மைக்கின் ஒயர் எட்டாததால் அங்கே பேசியது எங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது. "அப்ப அது உங்களோடதுதாங்க" என்றது கேட்டது. "எனக்கு அதுல பங்கு இல்ல. அந்தப் பேரை நான் வாங்கிக்கிட்டாத்தான் தப்பு." பெயின்டர் தலையை ஆட்டி மறுத்தார், பிறகு ஏதோ சொன்னார், பிறகு இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான விவாதம். வீட்டுக்காரரைத் திட்டுவதும் அரசியல்தானே என்றார் ஒருவர். அப்படியென்றால் மாமியாரைத் திட்டுவதும் அரசியலா என்று கேட்டார் இன்னொருவர். ஆமாம் என்றார்கள் நாலைந்து பெண்கள். குடத்தோடு நின்ற நடிகை மைக்கை வாங்கி, ஒத்திகை முழுக்கத் தனக்குக் கை வலித்ததுதான் மிச்சம் என்றாள். நர்ஸ் டியூட்டிக்குப் போவதை மறந்து வாசலில் நின்று ஒரு தாத்தாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். செயலாளர் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் ஆள் அனுப்பி, வார்டில் வேறு வேட்பாளரை யோசிப்பதாகச் சொன்னார். அந்த ஆள் ரொம்பத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அத்தான் அவருக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கி அனுப்பினார்.

அந்த வாரம் ஒரு பத்திரிகையில் விமர்சனம் வந்தது. நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தான் அதை மூக்குக்கு அருகே வைத்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"'முதல் பாதியில் உயிர் இருக்கிறது. இரண்டாம் பாதி பிரசங்கம். இதைத் தாராளமாக வெட்டலாம்.' கேட்டியா? வெட்டலாம்னு போட்டிருக்கான்."

"அதுல என்ன இவ்வளவு சந்தோஷம்?" என்றேன்.

"வெட்டலாம்னுதான் சொல்றான். வெட்டாட்டியும் ஒண்ணும் இல்ல. இஷ்டம் இருந்தா வெட்டு, இல்லைன்னா விடு." பேப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு அந்தப் பொண்ணு எழுந்து போரடிச்சுதுன்னு சொன்னப்ப, எனக்கு உடம்பெல்லாம் லேசாயிடுச்சுடா. அவ்வளவுதானா, நாடகம் நல்லா இல்ல, அவ்வளவுதானா விஷயம்னு தோணிச்சு. அந்த வார்த்தையை அன்னிக்கே யாராவது சொல்லியிருந்தா, திருத்தி எழுதியிருப்பேன்."

"நான் சொன்னேன்" என்றாள் அக்கா சமையலறையிலிருந்து.

"நீ சொன்னே. நீ வீட்டு ஆள். நீ கணக்குல வரமாட்டே."

"வராம எங்கே போறது? அடுத்த நாடகத்துல நான் சொன்ன இடத்துல நிறுத்தலைன்னா, நான் கேக்கறதா இல்ல."

அவர் வெட்டினார். தானாகவே வெட்டினார். குடத்தோடு நின்ற மனைவிக்கு வசனம் எழுதினார். அதில் பாதி அக்கா மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னது. நாடகம் இன்னும் சில வாரம் ஓடியது. கூட்டம் சுமார்தான், ஆனால் வந்தவர்கள் விழித்திருந்தார்கள். மீட்டர் பார்க்கப் போகும் வீடுகளில் அதன் பிறகு யாரும் கதவைச் சாத்திவிட்டு ரகசியம் பேசவில்லை. "தண்ணி அழுத்தம் கம்மியா வருதே, எழுதிக்கிட்டுப் போங்க" என்றார்கள். அத்தான் எழுதிக்கொண்டார்.

ஓய்வு பெற்ற பிறகு இரண்டாவது நாடகம் எழுதினார். கண்ணாடிக் கடைக்காரன் ஒருவனைப் பற்றியது. என்னைத்தான் எழுதியிருக்கிறார் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் இல்லை என்றார், நான் நம்பவில்லை. மூன்று நாளோடு தியேட்டரில் நிறுத்திவிட்டார்கள். மைக் பிடித்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு குறை சொன்னார்கள், நானும் ஒன்று சொன்னேன். அத்தான் கேட்கும் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அந்த வாரம் முழுக்க அவர் வயிறாரச் சாப்பிட்டதாக அக்கா சொன்னாள்.